உட்கார்ந்திருக்கும் உடல்: கிளிநொச்சித் தாய்மாரின் போராட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், ஏ-9 வீதியோரம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் பெண்கள். அதிலும் கூடுதலானவர்கள் வயது போன தாய்மார். அவர்கள் கேட்டது புதிய விஷயமல்ல. போரின் கடைசி நாள்களில், 2009 மே மாதம், இராணுவத்திடம் சரணடைந்தவர்களும் குடும்பத்தாரே கையளித்தவர்களும் எங்கே? தடுத்து வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே? இரகசிய முகாம்கள் எவை?

இந்தப் போராட்டத்தைப் பற்றி மனித உரிமை மொழியில் நிறைய எழுதியாகிவிட்டது. நான் பார்க்க விரும்புவது வேறொரு பக்கத்தை. பெண்ணிய ஆற்றுகைக் கலை (performance art), உடலையே எதிர்ப்பாக்குதல் என்றெல்லாம் உலகின் கலைக்கூடங்களில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு இந்தத் தறப்பாள் கொட்டகைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? தாய்மாரைக் கலைஞர்கள் என்று அழைப்பது என் நோக்கமல்ல. அப்படி அழைத்தால் சிலர் சிரிப்பார்கள், சிலர் ஏசுவார்கள். இரண்டும் நியாயம். ஆனாலும் உடல், நேரம், ஒரு விதி, பார்ப்பவர் என்ற நான்கும் சேர்ந்தால் ஆற்றுகை என்று சொல்பவர்கள், இந்த நான்கும் இவ்வளவு காலம் சேர்ந்திருந்த ஓர் இடத்தைப் பார்க்காமல் போவது சரியில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போராட்டத்தின் பலம் அழுகையில் இல்லை. அது உட்கார்ந்திருந்ததில் இருக்கிறது. அதன் குறை, தாயின் உடலைத் தவிர வேறு எந்தப் பெண்ணுடலுக்கும் அங்கே சரியான இடம் கிடைக்காமல் போனது.

உண்ணாவிரதத்திலிருந்து இருப்புக்கு

கிளிநொச்சிக்கு ஒரு மாதம் முன்பு வவுனியாவில் வேறொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. 2017 ஜனவரி 23 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கியது. நான்காம் நாள் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் நேரில் வந்தார். கொழும்பில் பேச்சுவார்த்தை என்ற உறுதியோடு உண்ணாவிரதம் முடிந்தது. பெப்ரவரி 9 அன்று பேச்சும் நடந்தது. கையில் ஒன்றும் வரவில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டினிக்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு அரசுக்கும் தெரியும். மூன்று, நான்கு நாளில் ஒருவரை அனுப்பி, ஒரு வாக்குறுதி கொடுத்து, ஒரு குவளை பழச்சாறு பருக்கினால் நெருக்கடி தீர்ந்துவிடும். காந்தியையும் திலீபனையும் பார்த்த இந்தப் பக்கத்து அரசுகளுக்கு உண்ணாவிரதத்தைக் கையாளும் பழக்கம் நிறைய. உட்கார்ந்திருத்தலுக்கோ கெடுவே இல்லை. இன்றைக்கு எழும்பிப் போகவேண்டிய அவசியம் இல்லையென்றால் நாளைக்கும் இருக்காது. கிளிநொச்சியைத் தொடர்ந்து பெப்ரவரி 24 அன்று வவுனியாவும், மார்ச் 8 அன்று முல்லைத்தீவும் இந்த வழிக்கு வந்தன. மருதங்கேணியிலும் திருகோணமலையிலும் கொட்டகைகள் எழுந்தன.

அதே நாள்களில் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்பு மக்கள், படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு, விமானப்படை முகாமின் வேலியோரம் குழந்தைகளோடு படுத்துக் கிடந்தார்கள். ஜனவரி கடைசியில் தொடங்கி, மார்ச் 1 அன்று காணி விடுபட்டது. அந்த வெற்றி மற்றக் கொட்டகைகளுக்கும் ஒரு தெம்பைக் கொடுத்திருக்கும். காணியைத் திருப்பித் தர முடியும். பிள்ளையை? அந்த வித்தியாசம் அப்போதே எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பலகையில் எழுதிய எண்

கொட்டகைகளில் நாள் எண்ணிக்கை எழுதப்பட்டது. நூறாவது நாள், ஐந்நூறாவது நாள், ஆயிரமாவது நாள். கிளிநொச்சியில் முதல் நாளை ஒன்றாக வைத்து எண்ணினால் ஆயிரமாவது நாள் 2019 நவம்பர் 16 இல் வருகிறது. அன்றுதான் ஜனாதிபதித் தேர்தல்; போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச வென்ற தேர்தல். இப்படி ஒரு பொருத்தத்தை எந்த நாடகாசிரியரும் துணிந்து எழுதமாட்டார். எழுதினால் செயற்கை என்று சொல்லிவிடுவோம்.

நீண்ட நேர ஆற்றுகையில் நேரம்தான் பொருள். தைவானில் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த தெச்சிங் ஷே, 1980 முதல் 1981 வரை ஒரு வருடம் ஒவ்வொரு மணித்தியாலமும் தொழிற்சாலை நேர அட்டையில் முத்திரை குத்தினார். அது ஒரு தனி மனிதர் தானே விரும்பி வகுத்துக்கொண்ட விதி. கிளிநொச்சியில் விதியை வகுத்தது அரசின் மௌனம்தான். பதில் வரும்வரை இருப்போம் என்றார்கள், பதில் வரவில்லை, ஆகவே இருந்தார்கள். முடிக்கும் உரிமை எதிர்ப்பக்கத்திடம் இருந்தது.

அரசின் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு பதிலும் இந்தக் கணக்கை நிறுத்தப் பார்த்ததைக் கவனியுங்கள். 2017 ஜூன் 12 அன்று யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி சிறிசேன குடும்பங்களைச் சந்தித்து, பட்டியல்களை வெளியிடப் பணிப்பதாகச் சொன்னார். பட்டியல் வரவில்லை. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. 2020 ஜனவரியில் ஐ.நா. வதிவிட ஒருங்கிணைப்பாளரிடம் கோட்டாபய, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பிறகு இறப்புச் சான்றிதழ் கொடுக்கலாம் என்றார். 2022 மார்ச்சில் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சான்றிதழ் என்றால் ஒரு திகதி. காசு என்றால் ஒரு கையொப்பம். இரண்டும் கணக்கை முடிக்கும் வேலைகள். பலகையில் ஒவ்வொரு காலையும் எண்ணை மாற்றி எழுதிய கை, கணக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. காசை வேண்டாம் என்ற தாய்மாரைப் பிடிவாதக்காரிகள் என்று சொன்னவர்கள் இந்த எண்ணைப் படிக்கவில்லை.

தேத்தண்ணியும் தும்புத்தடியும்

உடல் அரசியல் என்றதும் எல்லாரும் இரத்தத்தையும் நிர்வாணத்தையும் தேடுகிறார்கள். மரீனா அப்ரமோவிச் 1974 இல் நேப்பிள்ஸில் 72 பொருள்களை மேசையில் வைத்து, ஆறு மணித்தியாலம் தன்னை என்னவும் செய்யலாம் என்று நின்றதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பொருள்களில் துப்பாக்கியும் ஒன்று. எனக்கு அது கிளிநொச்சிக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. தன் உடலை மற்றவர்கள் என்னவும் செய்யலாம் என்ற நிலையை வன்னிப் பெண்கள் கலைக்கூடத்தில் செய்து பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

இன்னொரு பெயர் நெருங்கி வருகிறது: மீயர்ல் லாடர்மன் யூகலிஸ். குழந்தை பெற்ற பிறகு, கலைஞரா தாயா என்ற இழுபறியில், 1969 இல் பராமரிப்புக் கலைக்கான ஓர் அறிக்கையை எழுதினார். கழுவுவது, துடைப்பது, சமைப்பது, திரும்பவும் அதையே செய்வது, இதுதான் என் கலை என்றார். 1973 இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் அருங்காட்சியகத்தின் படிகளை மணிக்கணக்காகக் கழுவினார். பிறகு நியூயோர்க்கின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களுடன் ஒருவர் ஒருவராகக் கைகுலுக்கினார்.

ஆண்டுக்கணக்கில் ஒரு கொட்டகையை நிற்கவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்தால் யூகலிஸ் ஏன் என்று புரியும். காலமை கூட்டவேண்டும். சுவாமிப் படத்துக்குப் பூ வைக்கவேண்டும். தேத்தண்ணி வைக்கவேண்டும். இன்றைக்கு எந்த ஊர்க்காரர் இருப்பது என்று முறை பார்க்கவேண்டும். தர்மபுரத்தில் இருந்தோ பூநகரியில் இருந்தோ முழங்காவிலில் இருந்தோ வருகிறவருக்குப் பஸ் காசும் வேண்டும், பிரஷர் குளிசையும் வேண்டும். மழைக்குத் தறப்பாள் கிழிந்தால் மாற்றவேண்டும். மலசலகூடம் எங்கே என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் உண்டு. வீதியோரம் நாள் முழுக்க இருக்கும் பெண்ணுக்கு அது சின்னக் கேள்வியல்ல. இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதிய ஆண்களின் கட்டுரைகளில் நான் அதைக் கண்டதில்லை.

வீட்டுக்குள் யாரும் பார்க்காத வேலையை இந்தப் பெண்கள் நாட்டின் பிரதான வீதிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஒவ்வொரு பஸ்ஸும், ஒவ்வொரு அமைச்சரின் வாகனமும் அந்த அடுப்பங்கரையைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது.

அழுகையைக் கேட்பவர்கள்

காணாமல் ஆக்கப்பட்டோரின் சர்வதேச நாளான ஓகஸ்ட் 30, போராட்டம் தொடங்கிய பெப்ரவரி 20 போன்ற நாள்களில் கமராக்கள் வரும். அப்படியொரு நாளில், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு படப்பிடிப்பாளர் ஒரு தாயிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“அம்மா, படத்தை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு ஒருக்கா அழுங்கோ.”

“தம்பி, அழுகை காலமையோட முடிஞ்சுது. இப்ப இருக்கிறபடி எடுங்கோ.”

அவர் எடுக்கவில்லை. வேறொருவரிடம் போனார்.

அந்தப் பதிலில் ஒரு கலைஞருக்குரிய தெளிவு இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. என் துக்கத்தை எப்போது காட்டுவது என்பது என் முடிவு. யோகோ ஓனோ 1964 இல் கியோத்தோ மேடையில் கத்தரிக்கோலை முன்னால் வைத்துவிட்டு அசையாமல் இருந்தார். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து அவர் உடுப்பை வெட்டினார்கள். அங்கே கடைசியில் அம்பலமானது வெட்டியவர்கள்தான். கமராவோடு வருகிறவர்களும் ஒவ்வொருவராக ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போகிறார்கள். எல்லா ஊடகவியலாளரையும் சொல்லவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு செய்தியாளர்கள் பலர் நெருக்கடியை வாங்கிக்கொண்டு இந்தப் போராட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொரு வகைக் கமராவும் வரும். சிவில் உடுப்பில், எதிர்ப்பக்கம் நின்று, முகம் முகமாக எடுக்கும் கமரா. அது அழச் சொல்லிக் கேட்பதில்லை.

வற்றாப்பளை அம்மனைப் பற்றி நம் ஊர்களில் ஒரு கதை சொல்வார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பிள்ளைகள் முன்னால் ஒரு கிழவியாக வந்தாளாம். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றதும் கடல் தண்ணியை ஊற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில்தான் விளக்கு எரிகிறது. பிறகு கிழவி, தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றாள். முடியை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். வீதியோரக் கிழவியைப் பார்க்கப் போன பிள்ளைகள் தாங்கள் பார்க்கப்படுவதைக் கண்டு திடுக்கிட்ட கதை இது. கிளிநொச்சித் தாய்மாரைப் படம் எடுக்கப் போகிறவர்கள் ஒருக்கா இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

சாபம்

தாய்மார் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், தீச்சட்டி ஏந்தினார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் முற்போக்குக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். தெற்கில், ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் 1990 இல் மாத்தறையில் அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். 1992 இல் மோதரைக் காளி கோயிலில் தேங்காய் உடைத்து ஆட்சியாளரைச் சபித்தார்கள். நீதிமன்றம் கேட்காததைக் கடவுளிடம் கொண்டுபோனார்கள். நீதவான் அனுமதி தேவைப்படாத ஒரே மனு அதுதான்.

கலை உலகில் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது குவாத்தமாலாவின் ரெகினா ஹோசே கலிந்தோ 2003 இல் செய்தது. இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மொன்ட் தேர்தலில் நிற்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், மனித இரத்தம் நிறைந்த ஒரு பாத்திரத்தில் காலைத் தோய்த்துத் தோய்த்து, நீதிமன்றத்திலிருந்து தேசிய மாளிகை வரை நடந்தார். வீதி முழுக்கச் சிவப்புக் காலடிகள். அரசின் கட்டடத்துக்கு முன்னால், எல்லாருக்கும் புரியும் ஒரு சடங்கைச் செய்வதுதான் இரண்டிலும் பொது. தீச்சட்டிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. கடந்துபோன சிப்பாய்க்கும் அது என்னவென்று தெரியும்.

தெற்குக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்னையர் முன்னணிக்குத் துணைநின்றவர்களில் மகிந்த ராஜபக்சவும் ஒருவர். 1990 இல் காணாமல் போனவர்களின் ஆவணங்களோடும் படங்களோடும் ஜெனிவாவுக்குப் புறப்பட்டவரைக் கட்டுநாயக்காவில் மறித்தார்கள். பிறகு அவரே ஜனாதிபதியானார்; 2009 இல் போரின் கடைசி நாள்கள் அவரது ஆட்சியில்தான். மற்றதைச் சொல்லத் தேவையில்லை.

உடுப்பைக் களையாத எதிர்ப்பு

2004 ஜூலை 15 அன்று மணிப்பூரின் இம்பாலில் பன்னிரண்டு பெண்கள், தாய்மார், அசாம் ரைபிள்ஸ் இருந்த காங்லா கோட்டை வாசலில் உடுப்பைக் களைந்து நின்றார்கள். தங்ஜம் மனோரமா படையினரால் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இந்திய இராணுவமே எங்களை வல்லுறவு செய் என்று பதாகை பிடித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் படை கோட்டையை விட்டு வெளியேறியது.

வன்னி ஏன் அந்தப் பக்கம் போகவில்லை? பண்பாடு, நாணம் என்று முடிப்பது சுலபம். மணிப்பூரிலும் நாணம் இருந்ததுதானே. அதனால்தானே அந்த எதிர்ப்பு வேலை செய்தது. என் எண்ணத்தில் காரணம் வேறு. மணிப்பூரில், மறைத்திருந்த உடலை அந்தப் பெண்கள் தாங்களாக வெளிப்படுத்தினார்கள், அதில்தான் அதிர்ச்சி. இங்கே 2009 க்குப் பிறகு வெளிவந்த கைபேசிக் காணொளிகளில், உரியப்பட்ட பெண்ணுடல்கள் ஏற்கனவே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. எடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்திருந்தார்கள். ஓமந்தைச் சோதனை, இடம்பெயர்ந்தவர்களை அடைத்த மெனிக் பாம் முகாம், பதிவு, மீள்பதிவு என்று உயிரோடு வந்தவர்களின் உடலும் மாதக்கணக்காகப் பார்க்கப்பட்டு, தடவப்பட்டு, எண்ணப்பட்டிருந்தது. களைவதற்கு மிஞ்சியிருந்த மறைவை அரசு முன்பே எடுத்துவிட்டது.

ஆகவே இங்கே எதிர்ப்பு மூடிக்கொள்வதாக அமைந்தது. சேலை கட்டிய உடல், அதன் முன்னால் நெஞ்சளவு பெரிய, லமினேட் பண்ணிய ஒரு படம். பார்க்கிறவருக்குத் தாயின் உடம்பு தெரியாது, மகன்தான் தெரிவான். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதாக இருக்கலாம், கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கலாம். இடம்பெயர்வில் அல்பங்கள் போய்விட்ட வீடுகளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஆர்ஜென்டீனாவின் பிளாசா டி மாயோவில் 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார் கூடியபோது, கூட்டமாக நிற்காதீர்கள், நடவுங்கள் என்று பொலிஸ் விரட்டியது. சரி என்று சோடி சோடியாக நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடைதான் அவர்களின் வடிவமாகியது. தலையில் கட்டிய வெள்ளைத் துணி முதலில் பிள்ளையின் அணையாடையாக இருந்தது. கிளிநொச்சியின் படமும் அந்தத் துணியும் ஒரே வேலையைச் செய்கின்றன: இல்லாத உடலை இருக்கிற உடலில் அணிந்துகொள்வது.

தாயல்லாதவர்கள்

இனிக் குறைக்கு வருகிறேன். தாய் என்ற வேடம் பாதுகாப்பானது. தாயை யாரும் சந்தேகிக்கத் தயங்குவார்கள்; அடித்தால் ஊர் பொறுக்காது. 1984 இல் யாழ்ப்பாணத்தில், தெற்கில் இருந்ததற்கு முந்திய வேறோர் அன்னையர் முன்னணி, அரச செயலகமான கச்சேரியை நோக்கி ஊர்வலம் போன காலத்திலிருந்து இது தெரிந்த உத்தி. ஆனால் அந்தப் பாதுகாப்பு தாய்க்கு மட்டும்தான். கொட்டகையில் இருந்த மனைவிமாரைப் பாருங்கள். 2009 மே 18 அன்று கணவனை இராணுவத்திடம் கையளித்த ஒரு பெண்ணுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருந்திருக்கலாம். அவள் தாயைப் போல வீதியில் அழுதால் ஊர் வேறு கண்ணால் பார்க்கும். பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. சரணடைந்த பிறகு காணாமல் ஆக்கப்பட்ட, விடுதலைப் புலிகளின் அரசியல்துறையைச் சேர்ந்த எழிலனின் மனைவி அனந்தி சசிதரன் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் போனார், 2013 இல் வடமாகாண சபைத் தேர்தலில் பெருமளவு வாக்குகளோடு வென்றார். மனைவியாக முன்வந்தவருக்கு வழக்கும் தேர்தலும் வாசல் திறந்தன. ஆனால் அந்த வாசலால் எத்தனை பேரால் போக முடியும்?

முன்னாள் பெண் போராளிகளின் நிலை இன்னும் சிக்கல். ஒரு காலத்தில் இதே ஏ-9 வீதியில் சீருடையோடும் வரிந்து கட்டிய பின்னலோடும் அவர்கள் நடந்தார்கள். அதை ஊர் பெருமையாகப் பார்த்தது. அரசின் தடுப்பு முகாம்களில் புனர்வாழ்வு முடிந்து வந்த பிறகு அந்த உடலே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது, படைக்கும் சரி, மாப்பிள்ளை பார்க்கும் வீட்டாருக்கும் சரி. தோழிகளைத் தேடி அவர்கள் கொட்டகைக்கு வந்தால், ஒரு போராளியாக வர முடியாது. அக்காவாக, மனைவியாக, தாயாக வரவேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அந்த வேடமும் இல்லை. போருக்குப் பின் வந்த ஆவணத் திட்டங்களும் இதே சட்டகத்தைத்தான் எடுத்துக்கொண்டன. வடக்கிலும் தெற்கிலும் பெண்களின் நினைவுகளைத் திரட்டிய ஹெர்ஸ்டோரீஸ் ஆவணகமும் தாய்மாரின் கதைகள் என்றே தொடங்கியது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கதவு அந்தளவுதான் திறந்திருந்தது.

சுசான் லேசியும் லெஸ்லி லபோவிட்சும் 1977 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகர மண்டப வாசலில், தொடர் கொலைகளுக்குப் பலியான பெண்களுக்காகக் கறுப்பு உடுப்பில் உயரமான உருவங்களை நிறுத்தினார்கள். துக்கமும் ஆத்திரமும் என்பதுதான் அதன் பொருள். கிளிநொச்சியில் துக்கத்துக்கு இடமிருந்தது. ஆத்திரம் சாபத்தின் வழியாக, கோயில் மொழியில் மட்டுமே வெளியே வந்தது. இளம் பெண்ணொருத்தி கடவுளை இழுக்காமல், தன் குரலில், தன் உடலுக்கு நடந்ததைச் சொல்லி ஆத்திரப்படும் மேடை இன்னும் அமையவில்லை.

இதற்கிடையில் தாய்மார் இறந்துகொண்டிருக்கிறார்கள். பதில் தெரியாமலே போனவர்கள் நூறைத் தாண்டி நெடுநாளாகிறது. அவர்களின் இடத்தில் மகள்மார் வந்து உட்கார்வார்களா என்று கேட்கிறவர்கள், அந்த மகள்மாருக்கு என்ன வேலை என்பதையும் பார்க்கவேண்டும். பலர் ஆடைத் தொழிற்சாலைகளில் சிஃப்ட் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதற்குத் தேவையான ஓய்வு அவர்களிடம் இல்லை. லீவு எடுத்தால் அந்த நாள் சம்பளமும் ஊக்கப்படியும் போகும். தாய்மார் கண்டுபிடித்த வடிவம் தாய்மாரின் வயதுக்கும் நாளுக்கும் பொருந்திய வடிவம். மகள்மார் தங்கள் நேரத்துக்குப் பொருந்தியதைக் கண்டுபிடிக்கவேண்டும். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஆற்றுகைப் பட்டறை நடத்த வருகிறவர்கள் முதலில் அந்த சிஃப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கட்டும். பட்டறையை வார நாளில் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, இளம் பெண்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது இங்கே வழமையாகிவிட்டது.